மலையும் ஆட்டமும் - 6: தண்ணீரில் கட்டிய ஓடுதளம்

சென்ற வாரம் பார்த்த பிரான்ஸின் சாமொனியில் 1924இல் பிறந்த குளிர்கால ஒலிம்பிக், நான்கே ஆண்டில் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்கு வந்தது. 1948இல் மறுபடியும் அதே ஊருக்கு வந்தது. சுமார் ஐயாயிரம் பேர் குடியிருக்கும் ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்குச் சற்று மேலே, எங்கடின் பள்ளத்தாக்கில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. நம் ஊட்டி அதைவிட 400 மீட்டர் உயரம். ஒலிம்பிக்கை இரண்டு முறை வரவழைக்கும் பெருமை இந்தச் சிற்றூருக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், குளிர்காலத்தில் காலியாகக் கிடந்த விடுதி அறைகளில் போய் நிற்கிறோம்.

செயின்ட் மோரிட்ஸுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது அங்கே ஊறும் இரும்புச் சத்துள்ள நீர். அந்த ஊற்றுக்குக் கட்டிய மரத் தொட்டி கி.மு. 1411இல் வெட்டிய மரங்களால் ஆனது என்று மரவளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள். நோய் தீரக் குளிக்க வந்தவர்கள், பிறகு மலைக்காற்று வாங்க வந்த ஆங்கிலேயர்கள் என எல்லோரும் கோடையில் வந்து இலையுதிர் காலத்தில் கிளம்பிவிடுவார்கள். 1864இல் குல்ம் விடுதியின் உரிமையாளர் யோகானஸ் பாட்ருட் நான்கு ஆங்கிலேய விருந்தினர்களிடம் ஒரு பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்திலும் வந்து பாருங்கள். இங்கே வெயில் காயும், கோட்டுப் போடாமல் வெளியே உட்காரலாம். பிடிக்கவில்லை என்றால் பயணச் செலவு என்னுடையது." அவர்கள் கம்பளிக்குள் புதைந்து, சறுக்கு வண்டியில் கணவாய் தாண்டி, வியர்த்துக் கொட்ட வந்து இறங்கினார்களாம். பாட்ருட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றாராம். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை கிளம்பவில்லை. ஊர் சொல்லும் கதைதான் இது. ஆனால் அதன் பிறகு குளிர்காலச் சுற்றுலா அங்கே வேர்விட்டது என்பது வரலாறு.

வந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டும். சின்னச் சறுக்கு வண்டிகளில் ஏறித் தெருவிலேயே பாய்ந்தார்கள். நடந்து போனவர்கள் பாடு திண்டாட்டமானது. தனிப் பாதை போடுவதே தீர்வு என்று முடிவானது. 1884-85 குளிர்காலத்தில் உருவான அதுதான் கிரெஸ்டா ரன். 1887இல் அதற்கென்று ஒரு கிளப்பும் வந்தது. 1,212 மீட்டர் நீளம், 157 மீட்டர் இறக்கம். ஓட்டுபவர் குப்புறப் படுத்து, தலையை முன்னால் நீட்டி, தாடை பனியை உரசாத குறையாகப் போக வேண்டும். வண்டியில் பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைப்பதற்குப் பூட்ஸ் முனையில் பொருத்திய இரும்புப் பற்களால் பனியைக் கீறுவது ஒன்றே வழி.

முதல்முறை இறங்குபவர்களை ஒரு படத்தின் முன்னால் நிறுத்தி அறிவுரை சொல்வது அங்கே வழக்கம். ஆள் உயரத்துக்கு ஒரு மனித எலும்புக்கூடு. கிரெஸ்டாவில் விழுந்து எலும்பு முறித்துக்கொண்டவர்களின் எக்ஸ்ரே படங்களை ஒட்டி ஒட்டிச் செய்த முழு உருவம் அது. அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையாதவர்களுக்குத்தான் வண்டி கிடைக்கும். ஷட்டில்காக் என்ற வளைவில் பலர் தூக்கி வீசப்படுவார்கள். வைக்கோலும் பொலபொலப்பான பனியும் அங்கே காத்திருக்கும். அங்கே விழுந்தவர்களுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமையுள்ள ஒரு கிளப்பும் உண்டு.

இந்தப் பெருமையில் ஒரு கறையும் இருக்கிறது. தொடக்கத்தில் பெண்களும் இங்கே ஓட்டினார்கள், போட்டியிட்டார்கள். 1929இல் அவர்களைத் தடுத்தார்கள். அந்தத் தடையை நீக்க கிளப் வாக்களித்தது 2018இல். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள்! மரபு என்ற பெயரில் எதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கிரெஸ்டாவுக்குப் பக்கத்திலேயே 1904இல், உட்கார்ந்து போகும் பாப்ஸ்லெட் வண்டிகளுக்காக இன்னொரு ஓடுதளம் வந்தது. செயின்ட் மோரிட்ஸிலிருந்து செலரினா கிராமம் வரை இறங்கும் அதன் நீளம் 1,722 மீட்டர். உலகில் இன்றும் இயங்கும் பாப் ஓடுதளங்களில் மிகப் பழையது இது. முழுக்க இயற்கைப் பனியில் ஆனது இது ஒன்றுதான். என்னைக் கேட்டால், இந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான், அதுவும் டிசம்பர் தொடக்கத்தில், வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே.

வசந்தத்தில் இந்த ஓடுதளம் உருகிப் போய்விடும். கோடையில் போனால் காட்டுக்குள் வளைந்து இறங்கும் ஒரு மண் தடம்தான் கண்ணில் படும். குளிர் இறங்கியதும் இத்தாலியின் தெற்கு டைரோல் பகுதியிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். ஒரு சிறிய குழு, ஏறத்தாழ மூன்று வாரம். பனியைக் குவித்துத் தண்ணீர் பாய்ச்சி, கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, மண்வெட்டியால் அள்ளி அப்பிச் சுவர் எழுப்புகிறார்கள். பிறகு வழித்து, சீவி, இரவுக் குளிரில் இறுக விடுகிறார்கள். ஹார்ஸ் ஷூ என்ற பெரிய வளைவில் சுவர் ஆள் உயரத்தைத் தாண்டி எழும்பி, வண்டியைத் தன்மேல் ஏற்றித் திருப்பி அனுப்பும். குளிரூட்டும் குழாய் எதுவும் உள்ளே ஓடவில்லை. எந்த வளைவு எவ்வளவு சாய வேண்டும் என்பது அவர்கள் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. ஆகவே ஓடுதளம் ஓர் ஆண்டு இருந்ததுபோல் மறு ஆண்டு இருப்பதில்லை. மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் வீரர்களின் பெயர் பட்டியலில் ஏறுகிறது. அந்தப் பனிச்சுவரை எழுப்பியவர்களின் பெயரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

இயற்கையை நம்பிக் கட்டியதை இயற்கையே கலைக்கவும் செய்யும். 1928 ஒலிம்பிக்கின்போது ஃபோன் எனப்படும் வெப்பக் காற்று மலையிலிருந்து இறங்கியது. 50 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடந்த அன்று வெப்பம் 25 டிகிரி வரை ஏறியது. பாப்ஸ்லெட் போட்டியில் நான்கு சுற்றுகளுக்குப் பதில் இரண்டோடு நிறுத்தினார்கள். 10,000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் அமெரிக்காவின் இர்விங் ஜாஃபி முன்னணியில் இருந்தபோது பனித்தளம் இளகியது. போட்டியே ரத்து. அந்தப் பிரிவில் பதக்கம் யாருக்கும் இல்லை. ஜாஃபி 1932இல் லேக் பிளாசிடில் இரண்டு தங்கம் வென்று அந்தக் கணக்கைத் தீர்த்தார்.

1928இல் அமெரிக்க பாப் வண்டியை ஓட்டித் தங்கம் வென்ற பில்லி ஃபிஸ்குக்கு அப்போது வயது 16. கிரெஸ்டாவிலும் அவர் சூரர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, 1940 ஆகஸ்டில் பிரிட்டன் வான்போரில் காயம்பட்டு இறந்தார்.

போர் முடிந்ததும் ஒலிம்பிக்கை எங்கே நடத்துவது என்ற கேள்வி வந்தது. போரில் சேராத நாடு, சேதமாகாத ஏற்பாடுகள். 1948இல் மறுபடி செயின்ட் மோரிட்ஸ். ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பில்லை. கிரெஸ்டாவில் நடந்த, குப்புறப் படுத்து ஓட்டும் ஸ்கெலிட்டன் போட்டியில் இத்தாலிக்காகத் தங்கம் வென்றவர் நினோ பிபியா. அதே ஊரில் காய்கறி, பழம் விற்றவர். பிரபுக்களும் பணக்காரர்களும் தங்கள் சொத்தாக நினைத்த தடத்தில் ஒரு காய்கறி வியாபாரி எல்லோரையும் முந்தினார். குளிர்கால ஒலிம்பிக்கில் இத்தாலிக்கு அதுதான் முதல் தங்கம். பிறகும் பல ஆண்டுகள் ஓட்டி, கிரெஸ்டாவில் இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

ஏரியைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலத்தில் அது உறைந்து மைதானமாகிறது. 1907 முதல் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கிறது. குதிரையின் பின்னால் கயிற்றைப் பிடித்துப் பனிச்சறுக்குக் கட்டைகளில் வீரர்கள் இழுபட்டுப் போகும் பந்தயமும் உண்டு. 1985 முதல் போலோ. 1988 முதல் கிரிக்கெட்டும்! 2018 பிப்ரவரியில் சேவாக்கும் அப்ரிடியும் தலைமை தாங்கிய அணிகள் பனிமேல் ஆடுகள விரிப்புப் போட்டு மோதின. மகேல ஜெயவர்தனவும் ஆடினார். ஆனால் ஏரியும் எப்போதும் அடங்கியிருப்பதில்லை. 2017இல் பந்தயத்தின் நடுவே பனித்தளம் விரிசல் விட்டுக் குதிரைகள் விழுந்து, ஓட்டியவர் ஒருவர் படுகாயமடைந்தார். அன்றைய மற்றப் பந்தயங்கள் கைவிடப்பட்டன.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ரயிலில் போவது நல்லது. சாய்ந்து நிற்கும் பழைய மணிக்கூண்டு, ஆல்ப்ஸ் ஒளியைத் தீட்டிய ஓவியர் செகாண்டினியின் அருங்காட்சியகம் எல்லாம் பாதி நாளில் முடிந்துவிடும். பெர்னினா ரயில் பாதைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 2,253 மீட்டர் உயரம் வரை பல்சக்கரம் இல்லாமலே ஏறும் வண்டி அது. நம் மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயில் பல்சக்கரத்தில் ஏறுகிறது. அந்த அமைப்பை உருவாக்கியவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். ஊட்டி ரயிலின் பழைய நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்துரில் செய்தவை. இரண்டு பாதைகளும் இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. துணிச்சல் இருந்தால், ஓட்டுநருக்கும் பிரேக் பிடிப்பவருக்கும் நடுவே பயணியாக உட்கார்ந்து பாப் ஓடுதளத்தில் இறங்கலாம். ஒன்றேகால் நிமிடத்தில் செலரினா வந்துவிடும்.

2020 இளையோர் ஒலிம்பிக்கின் சறுக்கு வண்டிப் போட்டிகள் இந்த ஓடுதளத்தில்தான் நடந்தன. 2026 ஒலிம்பிக்கை நடத்த முன்வந்த இத்தாலியிடம், ஏற்கெனவே இருக்கும் ஓடுதளம் ஒன்றைப் பயன்படுத்தும்படி சர்வதேச ஒலிம்பிக் குழு வலியுறுத்தியது. செயின்ட் மோரிட்ஸின் பெயரும் அப்போது அடிபட்டது. இத்தாலி கேட்கவில்லை. கார்ட்டினா டாம்பெட்சோவில் லார்ச் மரங்களை வெட்டி, பத்து கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் ஓடுதளம் கட்டியது. சில வாரப் போட்டிக்கு நூற்றாண்டு வளர்ந்த காட்டைக் கொடுத்தது பெரும் தவறு என்றே நினைக்கிறேன். கார்ட்டினாக்காரர்களிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1956 ஒலிம்பிக்கிலிருந்து தொடங்கும் அவர்களுடைய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)