தங்கவயல் வேட்பாளர்: அன்று எங்கிருந்து வந்தார், இன்று எங்கிருந்து வருகிறார்?

1978 முதல் 2004 வரை கோலார் தங்கவயல் சட்டமன்றத் தொகுதி ஏழு தேர்தல்களைச் சந்தித்தது. வென்ற கட்சிகளை வரிசையாகச் சொன்னால் கர்நாடகத்தின் வேறெந்த ஊருக்கும் பொருந்தாத பட்டியல் கிடைக்கும். 1978-இல் இந்தியக் குடியரசுக் கட்சி. 1983-இல் அ.தி.மு.க. 1985-இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட். 1989-இல் மீண்டும் அ.தி.மு.க. 1994-இல் குடியரசுக் கட்சி, 1999-இல் அ.தி.மு.க., 2004-இல் மறுபடி குடியரசுக் கட்சி. அந்தக் காலத்தில் மாநிலத்தை மாறி மாறி ஆண்ட காங்கிரசும் ஜனதாவும் இங்கே ஒருமுறைகூட வெல்லவில்லை.

2008-இலிருந்து நான்கு தேர்தல்கள் நடந்துவிட்டன. முதல் இரண்டில் பா.ஜ.க., அடுத்த இரண்டில் காங்கிரஸ். நீலக்கொடியும் செங்கொடியும் இரட்டை இலையும் வென்ற தொகுதி, மற்றத் தொகுதிகளைப் போல ஆகிவிட்டது.

கட்சிகள் தங்கள் வேட்பாளரிடம் கொள்கைத் தூய்மையைக் கேட்க வேண்டுமா என்ற விவாதம் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. அதற்குத் தங்கவயலைப் போல விடை சொல்லக்கூடிய ஊர் குறைவு. கொள்கை உயிரோடு இருந்த நாளையும், கொள்கை பிளவாக மாறிய நாளையும், கொள்கையே கேட்கப்படாத நாளையும் மூன்று தலைமுறைக்குள் கண்ட ஊர் இது.

அன்று: லைன் வீடுகளில் உருவானவர்கள்

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் இங்கே வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப்ஸ், ஊரிகாம், நந்திதுர்க்கம் சுரங்கங்களில் இறங்கினார்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போட முடியாத நிலையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடியிருப்பில் ஒரு தட்டி வீடும் உயிருக்கு உலை வைக்கும் வேலையும்தான். ஆனால் கூலி காசாகக் கையில் வந்தது. மாலையில் கூடிப் பேச இடமும் இருந்தது. அந்த இடத்தில்தான் அரசியல் முளைத்தது.

அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு, அவர் நடத்திய ‘தமிழன்’ இதழுக்கு இந்த ஊரில்தான் மறுவாழ்வு கிடைத்தது. 1926-இலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதை இங்கிருந்து வெளியிட்டார். சாம்பியன் ரீஃப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை நூல்களையும் அச்சிட்டது. சுயமரியாதை இயக்கம் வந்தபோது அதைக் கேட்கப் பழகிய காதுகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. சுரங்கத்தில் பாறையை உடைத்துவிட்டு வந்தவர்கள் இரவில் சாதியையும் மதத்தையும் பற்றி வாதம் செய்தார்கள்.

1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னது. குற்றவாளிகளைப் போல நடத்தப்படுவதை ஏற்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். முறையான சங்கம் ஒன்று உருவாகும் முன்பே மூன்று வாரம் அவர்கள் உறுதியாக நின்றார்கள். சங்கம் பின்னால்தான் வந்தது. 1940களில் கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்ட் அமைப்பாளர்கள் அதைக் கட்டினார்கள். 1946 நவம்பர் 4 அன்று காவல்துறை சுட்டதில் தொழிலாளர் ஆறு பேர் இறந்தார்கள்.

இந்த மண்ணிலிருந்துதான் வேட்பாளர்கள் வந்தார்கள். 1950களில் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதி. 1957-இல் கம்யூனிஸ்ட் எம்.சி. நரசிம்மனும், அம்பேத்கர் உருவாக்கிய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் சி.எம். ஆறுமுகமும் வென்றார்கள். ஒரே மக்கள், ஒரே நாளில், வர்க்கத்தைப் பேசியவரையும் சாதி ஒழிப்பைப் பேசியவரையும் சேர்த்தே சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். கூலி குறைவு என்பதும் தீண்டாமை என்பதும் அவர்களுக்குத் தனித்தனி நோய்களாகத் தெரியவில்லை. தலைவர்கள் பிரித்து வைத்ததை வாக்காளர்கள் சேர்த்து வைத்தார்கள்.

அன்று வேட்பாளரின் கொள்கையைச் சோதிக்கத் தனியாக ஒரு குழு தேவைப்படவில்லை. சுரங்க வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் அவர் என்ன பேசினார், வேலைநிறுத்தத்தில் எந்தப் பக்கம் நின்றார், சிறைக்குப் போனாரா, இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு வாங்க எத்தனை முறை அலுவலகப் படி ஏறினார் என்பதெல்லாம் லைன் முழுவதும் தெரியும். கட்சி சீட்டுக் கொடுக்கும் முன்பே மக்கள் அவரைப் பரீட்சை செய்து முடித்திருந்தார்கள்.

தூய்மை பிளவாக மாறியபோது

அந்தக் காலத்தைப் பொற்காலமாக மட்டும் வரைந்தால் அது பொய்யாகிவிடும். கொள்கையை உயிராக மதித்த கட்சிகளே கொள்கையின் பெயரால் உடைந்தன.

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானது. சர்வதேசக் கேள்விகளில் தொடங்கிய பிளவு தொழிற்சங்கங்களையும் பிரித்தது. அம்பேத்கர் மறைந்த மறு ஆண்டு, 1957 அக்டோபரில் பிறந்த குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே பிரிவுகளாகச் சிதறியது. ஒவ்வொரு பிரிவும் அம்பேத்கரின் உண்மையான வாரிசு தானே என்றது. 1982-இல் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் கிளர்ச்சி மாநிலத்தை உலுக்கியபோது மொழி முதல் கேள்வியாக எழுந்தது. அடுத்த ஆண்டு இங்கே அ.தி.மு.க. முதன்முறையாக வென்றது. சிவப்பு, நீலம், இரட்டை இலை மூன்றுக்கும் வாக்களித்தது அதே சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள்தான். மூன்று கட்சிகளும் ஒருவரையொருவர் தோற்கடிப்பதிலேயே காலத்தைச் செலவழித்தன.

சுரங்கம் 1956-இல் மாநில அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தாதுவில் தங்கம் குறைந்தது, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது, செலவு வரவை மீறியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சங்கங்களின் பிளவுதான் அதை மூடியது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் டெல்லியிடம் பேச வேண்டிய நேரத்தில் ஊருக்கு ஒரே குரல் இல்லை. அந்தக் குறையைக் கொள்கைக் கட்சிகள் மறுக்க முடியாது.

தூய்மையைப் பிடிவாதமாகப் பிடித்தவர்களும் வளைந்து கொடுத்தவர்களும் நம் வரலாற்றில் உண்டு. 1963-இல் 16-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று ஒவ்வொரு வேட்பாளரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அண்ணாவின் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. மொழியையும் மாநில உரிமையையும் கைவிடவில்லை. நான்கு ஆண்டில் ஆட்சிக்கு வந்தது. 1996-இல் ஜோதிபாசு பிரதமராகும் வாய்ப்பை மார்க்சிஸ்ட் கட்சி மறுத்தது. அதை வரலாற்றுத் தவறு என்று பாசுவே பின்னர் சொன்னார். எது கட்சியின் வேர், எது கிளை என்று பிரித்துப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். எல்லாவற்றையும் வேர் என்று பிடித்தவர்கள் வாய்ப்பை இழந்தார்கள்.

இன்று: இரண்டு குடும்பங்கள், நான்கு தேர்தல்கள்

சுரங்கம் மூடியதும் வேலை மட்டும் போகவில்லை. வேட்பாளரை வளர்த்த பள்ளியும் போனது. ஷிஃப்ட் இல்லை, கேட் இல்லை, கேட் மீட்டிங்கும் இல்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பும் ரயிலில் ஊரின் உழைக்கும் வயதினர் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கூடிப் பேச நேரமில்லாத ஊரில் சங்கம் எப்படி வளரும்?

2008-இல் தொகுதி மறுவரையறை வந்தது. பேத்தமங்கலா தொகுதி நீக்கப்பட்டு அதன் ஊர்கள் பல தங்கவயலோடு சேர்ந்தன. தெலுங்கும் கன்னடமும் பேசும் விவசாயக் கிராமங்களும் இப்போது முடிவைத் தீர்மானிக்கின்றன. அது சரியானதே, அந்த மக்களுக்கும் இது சொந்தத் தொகுதி. ஆனால் சுரங்கக் குடியிருப்பின் அனுபவத்தையும் கிராமத்தின் தேவையையும் இணைக்கும் புதிய அரசியலை எந்தக் கட்சியும் இன்னும் கட்டவில்லை. அந்த வெற்றிடத்தைக் குடும்பங்கள் நிரப்பின.

2008-இல் பா.ஜ.க.வின் ஒய். சம்பங்கி வென்றார். 2013-இல் அவருடைய தாய் ராமக்கா வென்றார். 2018-இலும் 2023-இலும் அதே கட்சி சம்பங்கியின் மகள் அஸ்வினியை நிறுத்தியது. அந்த இரண்டு முறையும் வென்ற காங்கிரசின் ரூபகலா, கோலார் மக்களவைத் தொகுதியில் 1991 முதல் 2019 வரை உறுப்பினராக இருந்த கே.எச். முனியப்பாவின் மகள். இவர்களில் யாருடைய உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. தலைவரின் பிள்ளையாகப் பிறப்பது குற்றமுமில்லை. ஆனால் ஒரு தேசியக் கட்சிக்கு இந்தத் தொகுதியில் நான்கு தேர்தலுக்கும் ஒரே வீட்டைத் தவிர வேறு வீடு தெரியவில்லை என்றால், அந்தக் கட்சி இங்கே ஆட்களை வளர்க்கவில்லை என்றுதான் பொருள்.

மாநில அளவில் நிலை இன்னும் மோசம். 2019-இல் அரசு கவிழ்ந்தது, ஆளும் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள் 17 பேர் தகுதி இழந்தார்கள். டிசம்பரில் நடந்த 15 இடைத்தேர்தல்களில் பா.ஜ.க. 12-இல் வென்றது. வென்றவர்களில் பலர் சில மாதங்களுக்கு முன் அதே கட்சியை எதிர்த்து வாக்குக் கேட்டவர்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கிறது. கொள்கையைக் கொடுக்க அதனால் முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவின்படி, பதிவு செய்யும் ஒவ்வொரு கட்சியும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்கிறது. எழுதிக் கொடுப்பதால் கொள்கை வந்துவிடும் என்றால் இந்தியாவில் கொள்கையில்லாத கட்சியே இருக்காது.

என்ன கேட்க வேண்டும்

ஆகவே என் தீர்ப்பு இது. வேட்பாளர் எல்லாக் கேள்விக்கும் கட்சி சொல்லும் பதிலையே சொல்ல வேண்டும் என்று கேட்பது தவறு. அது நல்ல கட்சிகளை உடைக்கும், சுயமாக யோசிப்பவர்களை வெளியேற்றும். ஆனால் கட்சி தன் வேராகக் கருதும் இரண்டு மூன்று கொள்கைகளில் வேட்பாளர் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குச் சான்றாக அவருடைய பேச்சையோ கையெழுத்தையோ ஏற்கக் கூடாது. சீட்டுக் கேட்பதற்கு முன் அந்தக் கொள்கைக்காக அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். அம்பேத்கரின் பெயரைச் சொல்லும் கட்சி, தன் வேட்பாளர் எந்தச் சாதிக் கொடுமைக்கு எதிராக நின்றார் என்று காட்டட்டும். தொழிலாளரின் பெயரைச் சொல்லும் கட்சி, அவர் எந்தத் தொழிலாளருக்கு எதை வாங்கித் தந்தார் என்று காட்டட்டும்.

தங்கவயலுக்கு அப்படிப்பட்ட சோதனை ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. சுரங்கக் கழிவு சேர்ந்த சயனைடு மலைகள் 13 இங்கே நிற்கின்றன. ஏறத்தாழ 1,003 ஏக்கர் நிலத்தில் உள்ள அவற்றிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தத் தங்கத்தில் ஊருக்கு என்ன பங்கு, வேலை யாருக்கு, தூசி யார் நெஞ்சுக்குள் போகும், லைன் வீடுகளின் பட்டாவும் பழைய தொழிலாளரின் நிலுவையும் என்னவாகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவரிடம் கொள்கை இருந்தே ஆக வேண்டும். தனியார்மயம், மாநில உரிமை, சாதி, சுற்றுச்சூழல் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன.

கர்நாடகத்தின் அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2028-இல் வர வேண்டும். அதற்குள் சங்கத்தின் இடத்தில் புதிய அமைப்புகளை, ரயிலில் போய்வரும் இளைஞர்களின் அமைப்பையும், கிராமத்தையும் லைனையும் சேர்க்கும் அமைப்பையும், இந்த ஊர் கட்டத் தொடங்க வேண்டும். கட்சிகள் அதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். 1930-இலும் யாரும் காத்திருக்கவில்லை. வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உங்கள் கட்சியின் எந்தக் கொள்கைக்காக இதுவரை வேலை செய்தீர்கள்? சயனைடு மலைகளைப் பற்றி உங்கள் நிலை என்ன? அந்த நிலைக்கு எதிராக உங்கள் கட்சியே போனால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்பவருக்கே வாக்களியுங்கள்.