மிதக்கிற அரிசியைத் தூக்கிப் போடாதீங்க

எங்க வீட்டில் ரேஷன் அரிசி களையும்போது ஒரு சடங்கு உண்டு. தண்ணீர் ஊற்றியதும் மேலே மிதந்து வருகிற கொஞ்சம் அரிசியை உம்மா விரலால் வழித்து எடுத்து வெளியே போட்டுவிடுவாங்க. "பிளாஸ்டிக் அரிசி தம்பி, வீடியோல காட்டுனாங்க" என்பார்கள். மூணு வருஷம் மெக்கானிக்கல் படித்த நானும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன லீவில் உம்மாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க கிளாஸில் இருக்கிற பெண்களை எண்ணிப் பாருங்க, பாதிக்கு மேல்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டையும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான், வீட்டில் ஆளுக்கொரு டாக்டர் கிளம்பிவிட்டார்கள். மாதுளை, பீட்ரூட், தேனில் ஊறிய அத்திப்பழம், டப்பாவில் வரும் மால்ட் பவுடர். முதல் மாசம் இதற்கே 1,800 ரூபாய் போனது. வாப்பாவின் கடை வருமானத்தில் அது சின்னத் தொகை இல்லை. அப்போதுதான் நான் எக்ஸெல் திறந்தேன். வேறென்ன தெரியும் நமக்கு?

முதலில் அந்த மிதக்கிற அரிசிக்கு வருகிறேன், ஏன்னா மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கு.

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியை மாவாக அரைத்து, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, எக்ஸ்ட்ரூடரில் சூடாக்கி அழுத்தி, அச்சு வழியாகத் தள்ளி, அரிசி அளவுக்கு வெட்டிக் காயவைக்கிறார்கள். நம்ம வீட்டு முறுக்கு உரலின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்க. இப்படிச் செய்த அரிசியை, ஆலையில் நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில் கலந்தார்கள். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, 2024-க்குள் ரேஷன் கடை, சத்துணவு எல்லாவற்றிலும் கொண்டுவந்த திட்டம் இது. திருமருகல் பக்கம் பஸ்ஸில் போகும்போது ரெண்டு பக்கமும் பார்க்கிறோமே, அந்த வயல்களின் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அரைபட்டு, இதோடு கலந்துதான் திரும்ப நம்ம தெருவுக்கே வந்தது.

அச்சில் அழுத்திச் செய்ததால் உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருக்கும். அடர்த்தி கொஞ்சம் குறைவு, அதனால் சிலது மிதக்கும். நிறமும் லேசாக மாறியிருக்கும். "சோத்தை உருட்டிப் போட்டா பந்து மாதிரி எகிறுதே?" என்று கேட்பார்கள். எந்த அரிசிச் சோற்றையும் அழுத்தி உருட்டினால் எகிறும், அது ஸ்டார்ச்சின் ஒட்டும் குணம். நான் அந்த மிதக்கிற அரிசியில் பத்தைப் பொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து உம்மா முன்னாடியே நசுக்கிக் காட்டினேன். மாவாகக் கரைந்தது. பிளாஸ்டிக் எங்கே கரையும்? அதோடு, பிளாஸ்டிக் குருணை கிலோ விலை அரிசியைவிட அதிகம். நஷ்டத்துக்கு எவன் கலப்படம் செய்வான்?

இப்போ கணக்கு. ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கணும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நாளைக்கு 250 கிராம் சாப்பிட்டால் 7 முதல் பத்தரை மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29. உடம்பு இதை முழுக்க உறிஞ்சாது, அது வேற விஷயம். ஆனாலும் தேவையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததை எங்க உம்மா விரலால் வழித்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாங்க, மாதுளைக்குக் காசு கொடுத்துக்கொண்டே. தலசீமியா, சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசி பற்றி அவங்க டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்க.

ரேஷன் அரிசியில் வாடை வரும், உண்மைதான். அரை மணி நேரம் ஊறவைத்து ரெண்டு முறை அலசினால் பெருமளவு போய்விடும். அலசும் தண்ணீரை வடிதட்டு வழியாக ஊற்றினால் மிதப்பது ஓடிப்போகாது. இதில் சேர்க்கும் இரும்பு பொதுவாக ஃபெர்ரிக் பைரோஃபாஸ்ஃபேட், தண்ணீரில் கரையாது. பி வைட்டமின்கள் கரையும். அதனால் கஞ்சி வடித்தால் அதில் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்க. நம்ம ஊரில் இதைச் சொல்லித்தர நான் தேவையில்லை, பாட்டி காலத்துப் பழக்கம்தான். நடுவில் குக்கரும் வெள்ளை வெளேர் பொன்னியும் வந்து மறக்கடித்தது.

அந்தப் பொன்னிதான் எக்ஸெலில் எனக்கு அடுத்து கண்ணில் பட்டது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். நாலு பேர் உள்ள எங்க கார்டுக்கு 20 கிலோ. அதில் பாதி இட்லி மாவுக்கு, மீதி பக்கத்து வீட்டுக் கோழிக்கு. சோற்றுக்கு மாசம் 25 கிலோ பொன்னி மூட்டை, 1,450 ரூபாய். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம் போதும் என்று இருக்கிறது. நாலு பேருக்கு மாசம் 30 கிலோ. இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து. ரேஷன் 20 கிலோவை முழுக்கச் சாப்பிட்டால் பொன்னி 10 கிலோ போதும். மிச்சம் 870 ரூபாய். நெல் விளையும் பூமியில் பிறந்துவிட்டு சோற்றைக் குறை என்று சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கு. ஆனால் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. வாப்பாவும் அதற்கு வரிசையில் நிற்கிறார்.

அதே வழிகாட்டியில் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 85 கிராம். நாலு பேருக்கு மாசம் பத்து கிலோ வருது! ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பு எத்தனை நாளைக்கு வரும்? மூணு நாள். எங்க வீட்டில் அதையே மாசம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தோம். சோறு மலை மாதிரி, சாம்பாரில் பருப்பைத் தேடணும். சிக்கல் ரத்தத்தில் தெரிந்தது, ஆனால் தொடங்கினது தட்டில்.

மிச்சம் பிடித்த 870 ரூபாயை எதில் போடுவது? இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, கிலோ விலையைப் பார்ப்பது. கிலோ விலையைப் பார்க்காதீங்க. விலையை அதில் இருக்கும் புரதத்தால் வகுங்க. நான் வாங்கின விலைகளை வைத்துச் சொல்கிறேன், உங்க ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்க. ரேஷன் துவரம்பருப்பில் ஒரு கிராம் புரதம் 14 காசு. மீல் மேக்கர் 27 காசு. பச்சைப்பயறு 50 காசு, நிலக்கடலை 60 காசு. முட்டை ஒரு ரூபாய் சொச்சம். நாங்க வாங்கின மால்ட் பவுடர் டப்பாவின் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு கிராம் எட்டு ரூபாய்! அன்றோடு அது நின்றது.

மீனுக்கும் இதே கணக்குதான். பட்டினச்சேரிக் கரையில் கவலை மீன் கிலோ 160-க்கு வாங்கினேன். தலை, குடல் போக அறுநூறு கிராம் சொச்சம் தேறும். ஒரு கிராம் புரதம் ஒண்ணே கால், ஒன்றரை ரூபாய். அதே நாள் வஞ்சிரம் 900, கிராமுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல். புரதத்தில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வஞ்சிரத்தில் நீங்க காசு கொடுப்பது முள் இல்லாத சுகத்துக்கும், விருந்தாளி முன்னாடி இருக்கும் கௌரவத்துக்கும். நெத்திலி, காரப்பொடி மாதிரி பொடிமீனை முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போ ஃபைபர் போட்டில் வருவது மட்டும்தான், விலை ஏறிவிடும். அந்த ரெண்டு மாசமும் முட்டையும் பயறும் என்று முடிவு செய்துவிடுங்க. கருவாடு ருசிதான், ஆனால் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கணும் என்கிறார்கள், கருவாட்டு ஆணம் வைத்தால் அன்றைக்கு அந்தக் கணக்கு கிழிந்தது.

இரும்புக்குத் திரும்புவோம். மாதுளையில் 100 கிராமுக்கு அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பீட்ரூட் ஒன்றைத் தொடாது. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்று யார் கிளப்பிவிட்டதோ! முருங்கைக்கீரையில் நாலு மில்லிகிராமுக்கு மேல். கொல்லையில் மரம் நிற்கிறது, விலை பூஜ்யம். கோழி ஈரலில் ஒன்பது மில்லிகிராம் அளவுக்கு, அதுவும் உடம்பு எளிதாக உறிஞ்சும் வகை. கோழிக்கடையில் கறியைவிட மலிவு. வாரம் ஒரு நாள் போதும். ஆனால் கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ கீரையின் இரும்பு கூடுதலாக உள்ளே போகும், வைட்டமின் சி செய்யும் வேலை அது.

எல்லாவற்றிலும் மலிவான மாற்றம் கடைசியாகத்தான் தெரிந்தது. உம்மா மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தாங்க. டீயில் இருக்கும் டானின் வகைப் பொருட்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குப் போகவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதைச் சொன்னபோது வீட்டில் நடந்த சண்டை, பொன்னியைக் குறைத்தபோதுகூட நடக்கவில்லை. "சோறு தின்னுட்டு தேத்தண்ணி குடிக்காம எப்புடி இருக்குறது?" பேசிப் பேசி, மாத்திரை சாயங்காலம், டீ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று ஒப்பந்தம் ஆனது. வாரத்தில் ரெண்டு நாள் ஒப்பந்தம் மீறப்படுகிறது, எனக்குத் தெரியும்.

ஹாஸ்டல் மக்களுக்கு ஒரு வார்த்தை. மெஸ்ஸை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ராத்திரி பதினொரு மணி பரோட்டாவுக்குப் போகிற காசில் அரை கிலோ வறுத்த கடலை வாங்கி டப்பாவில் போட்டு வைக்கலாம். பச்சைப்பயறை மக்கில் ஊறவைத்தால் மறுநாள் முளைவிடும், நல்லா கழுவிட்டு வேகவைத்துத் தின்னுங்க. மெஸ்ஸில் இருந்து எழுந்ததும் நேரா டீக்கடைக்குப் போகாதீங்க, முக்கியமா பெண்கள்.

எண்ணெயில் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கு 27 கிராம் என்றால் நாலு பேருக்கு மாசம் மூன்றரை லிட்டர். எங்களுக்கு ஐந்து ஆகிறது. இறால் வாடா சுடும் ஊரில் இருந்துகொண்டு இதற்கு மேல் என்ன சொல்ல! காய்கறி ஆளுக்கு 400 கிராம் என்பதில் பாதியைத்தான் தொட்டிருக்கோம்.

மூணு மாசம் கழித்து எடுத்த பரிசோதனையில் உம்மாவுக்கு 10.8. பெரும்பங்கு மாத்திரைக்குத்தான் என்று டாக்டர் சொன்னார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மாத்திரையை நிறுத்தின பிறகு எண் கீழே இறங்காமல் இருக்கிறதா என்பதில்தான் சாப்பாட்டின் வேலை தெரியும். அந்தப் பரிசோதனை அடுத்த செமஸ்டரில். போன வாரம் பக்கத்து வீட்டு மாமி ஒரு தட்டில் அரிசியைக் கொண்டுவந்து, "இது பிளாஸ்டிக்கா பாரு தம்பி" என்றார். நான் வெந்நீர் எடுக்க எழுந்திருப்பதற்குள் உம்மாவே ஒரு டம்ளரை எடுத்து வைத்து, "இங்க வா, நசுக்கிக் காட்டுறேன்" என்று உட்கார்ந்துவிட்டாங்க.