பக்கவாதத்துக்குப் பின் மனத்திறனை அறியும் சோதனைகள்



பக்கவாதத்தால் படுத்திருந்தவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும், குணமாகிவிட்டார் என்று வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால் கை கால் தேறினாலும் ஞாபகம், கவனம், யோசித்துச் செய்யும் திறன் ஆகியவை தேறாமல் இருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையை ஒரே வேளையில் இரண்டு முறை சாப்பிடுவார். அல்லது சாப்பிடவே மாட்டார். அதனால் மறுபடியும் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. வீட்டிலோ, “வேண்டுமென்றே செய்கிறார்” என்று கடிந்துகொள்வார்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பே இதற்குக் காரணம் என்பதைக் காட்டத்தான் இந்தச் சோதனைகள்.

1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூ என்ற மருத்துவரும் வெளியிட்ட சோதனையும், 2005இல் வெளியான மான்ட்ரியல் சோதனையும் பெரிதும் பயன்படுகின்றன. இரண்டுக்கும் மொத்த மதிப்பெண் 30; சுமார் பத்து நிமிடம் போதும். இன்று என்ன கிழமை? இது எந்த ஊர்? 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்ல முடியுமா? சற்று முன் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் இருக்கின்றனவா? மான்ட்ரியல் சோதனையில் கடிகாரம் ஒன்றை வரைந்து முள்ளும் வைக்க வேண்டும். அது தமிழிலும் உண்டு.

ஆனால் சீர்காழி சுற்றுவட்டாரத்தில் நாற்று நட்டே முதுமையடைந்த ஒரு தாயார் பென்சிலைப் பிடித்தே இருக்கமாட்டார். அவரைக் கடிகாரம் வரையச் சொன்னால் குறைவது பள்ளிப்படிப்பின் மதிப்பெண். மூளையின் மதிப்பெண் அல்ல. “மார்ச்” என்று சொல்லத் தெரியாதவர் “பங்குனி” என்று சரியாகச் சொல்வார். இதை உணர்ந்துதான் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக 1995இல் ஒரு இந்திச் சோதனை வெளியானது. அதில் எழுத்துக்கூட்டுவதற்குப் பதிலாக வாரத்தின் நாட்களைப் பின்னிருந்து சொன்னால் போதும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நம் தமிழ்க் கிராமத்து முதியோருக்கென நோயாளியிடம் கேட்க ஒன்றும், வீட்டாரிடம் கேட்க ஒன்றுமாகச் சிறு வினாத்தொகுப்புகளை உருவாக்கியது.

பக்கவாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பேச்சு தடைபடலாம். பதில் தெரிந்தும் சொல்ல முடியாது. வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் இடப்புறம் இருப்பது கவனத்தில் படாமல் போகலாம். வாழையிலையில் இடப்பக்கச் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவார். இப்படிப்பட்டவர்களையும் மனதில் கொண்டு 2015இல் ஆக்ஸ்ஃபர்ட் சோதனை வெளியானது.

சோதனைக்கு முன் மூக்குக்கண்ணாடி இருக்கிறதா, காது கேட்கிறதா, காய்ச்சலோ மனச்சோர்வோ உண்டா என்று பார்க்கவேண்டும். மதிப்பெண் குறைந்தால் அது முடிவான தீர்ப்பு அல்ல. மேலும் ஆராய வேண்டும் என்பதற்கான அடையாளமே. சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பது நல்லது. பலர் முதல் மாதங்களில் தேறுகிறார்கள்.

குறை தெரிந்துவிட்டால் வழியும் உண்டு. மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லலாம். பம்புசெட்டு, அடுப்பு, பணம் இவற்றைச் சில காலம் வேறொருவர் கவனிக்கலாம்.

உங்கள் சபையில் பக்கவாதம் வந்து தேறியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைச் சந்திக்கும்போது, “நடக்கிறீர்களா?” என்பதோடு நிறுத்தாமல், மாத்திரையும் கணக்கும் ஞாபகமும் எப்படி இருக்கின்றன என்று வீட்டாரிடம் பரிவோடு கேளுங்கள். மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கடிந்துகொள்ளப்படும் ஒருவருக்கு அதுவே பெரிய உதவி.