விண்ணப்பமும் ஓர் அமானிதமே



நாகல் நகர், பேகம்பூர் வட்டாரங்களில் தோல் ஷாப்புகளையும் பூட்டுப் பட்டறைகளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக வெளிவருகின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் பட்டச் சான்றிதழ் பீரோவுக்குள் போனபின் பல வீடுகளில் அடுத்த அடி எடுத்து வைக்கப்படுவதில்லை. "நமக்கெல்லாம் யார் வேலை தரப்போகிறார்கள்?" என்னும் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை? 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட சச்சார் குழுவின் அறிக்கை இதற்கு விடை கூறுகிறது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள், ஐ.ஏ.எஸ். பணியில் 3 விழுக்காடே இருந்தனர். இதைப் பலரும் மேடைகளில் எடுத்துக் கூறுவர். அதே அறிக்கையிலுள்ள மற்றொரு செய்தியை எவரும் கூறுவதில்லை. 2003, 2004 ஆண்டுகளில் குடிமைப்பணி முதன்மைத் தேர்வு எழுதியோரில் முஸ்லிம்கள் 4.9 விழுக்காடே; ஆனால் எழுதியவர்களின் வெற்றி விகிதம் ஏறத்தாழ மற்றவர்களைப் போன்றே இருந்தது. பாகுபாடு அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. வாசல்வரை செல்லாமலே திரும்பியவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

பதவியைக் கேட்டுப் பெறுவது கூடுமா எனச் சில பெரியவர்கள் வினவுவர். தலைமைப் பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டாமென அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை பகர்ந்தது உண்மையே. ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். தாம் பேணிக் காப்பவர், விவரமறிந்தவர் என்று தம் தகுதியையும் எடுத்துரைத்தார்கள். ஆசையால் அதிகாரம் தேடுவதும், தகுதியுடையவர் தம் தகுதியைத் தெரிவிப்பதும் ஒன்றல்ல என்றே உலமாக்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்கியுள்ளனர். பாருங்கள், யூசுஃப் (அலை) அவர்கள் தம் குலச் சிறப்பைக் கூறவில்லை. அப்பணிக்கு வேண்டிய இரண்டை மட்டுமே கூறினார்கள். இன்றைய தன்விவரக் குறிப்புக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறென்ன?

இனி நடைமுறைக்கு வருவோம். தமிழக அரசு 2007 செப்டம்பரில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காட்டை முஸ்லிம்களுக்கெனத் தனியே ஒதுக்கியது. இது பொத்தாம்பொதுவாக எல்லா முஸ்லிம்களுக்கும் உரியதன்று. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், தக்கனி முஸ்லிம்கள், ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சார், துதேகுலா ஆகிய பட்டியலிடப்பட்ட பிரிவினருக்கே உரியது. எனவே சாதிச் சான்றிதழில் பிரிவு தெளிவாக இருத்தல் வேண்டும்.

மத்திய அரசுப் பணிக்கு இச்சான்றிதழ் போதாது. தம் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாகப் பெறவேண்டும். அதற்குரிய ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் ஊதியமும் விவசாய வருமானமும் இக்கணக்கில் சேரா. ஆனால் அவர்கள் வகிக்கும் பதவி தனியே பார்க்கப்படும். இதை அறியாமல் ஒதுங்கி நின்றவர்கள் உண்டு.

நம்மவர்க்கே உரிய தொல்லை பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', பட்டத்தில் வெறும் 'எம்.டி.' என்றிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாற வேண்டியதுதான். அகீகாவில் சூட்டிய அழகிய பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவரச் சிறு வயதிலேயே பெற்றோர் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவரின் ஏனைய விடைகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக!

பணம் கொடுத்தால் வேலை முடித்துத் தருவதாகக் கூறி வருவோரும் உண்டு. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பது நாமறிந்ததே. நகையை விற்றுக் கொடுத்த பணமும் போய், வேலையும் இல்லாமல் நிற்கும் நிலை இவ்வுலகிலேயே வந்துவிடுகிறது. இல்லாத அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதுவதும் பொய்ச்சாட்சியத்தைச் சார்ந்ததே.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தரப்படுகிறது. பெண்பிள்ளைகளும் சேரலாம். ஜமாஅத் நிர்வாகிகள் தேர்வு அறிவிப்புகளை ஜும்ஆவுக்குப் பின் வாசித்து, பள்ளிவாசல் பலகையில் கடைசித் தேதியுடன் எழுதிவைப்பார்களாயின், வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் செய்தி போய்ச் சேரும்.