சமன்பாட்டில் மறைந்திருக்கும் மையம்

நீள்வட்டத்தின் நீண்ட விட்டமான நெட்டச்சும் குறுகிய விட்டமான குற்றச்சும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் புள்ளியே அதன் மையம். அதன் வழியே செல்லும் எந்த நாணும் அங்கே சரிபாதியாகப் பிரிகிறது. இந்தச் சமச்சீர்மை சமன்பாட்டிலும் பதிந்திருப்பதால், படம் வரையாமலே மையத்தைக் கணக்கிட்டுவிட முடிகிறது.

தளத்திலுள்ள ஒரு புள்ளியின் கிடைத்தொலைவை 'க' என்றும் செங்குத்துத் தொலைவை 'ச' என்றும் கொள்வோம். ஆதிப்புள்ளியே மையமானால், (க, ச) என்ற புள்ளி வளைவரையில் இருக்கும்போது அதற்கு நேரெதிரான (−க, −ச) என்ற புள்ளியும் அதன்மேல் இருந்தாக வேண்டும். குறி மாறும்போது வர்க்க உறுப்புகள் மாறுவதில்லை. ஒருபடி உறுப்புகளோ மாறிவிடுகின்றன. ஆகவே, சமன்பாட்டில் ஒருபடி உறுப்பு இருந்தால், மையம் ஆதிப்புள்ளியிலிருந்து விலகியிருக்கிறது என்பது பொருள்.

எடுத்துக்காட்டாக, 4க² + 9ச² − 16க + 18ச − 11 = 0 என்ற சமன்பாட்டில் ஒத்த உறுப்புகளைச் சேர்த்தெழுதினால், 4(க² − 4க) + 9(ச² + 2ச) = 11 என்றாகும். உரிய எண்ணைக் கூட்டிக் கோவையை முழு வர்க்கமாக்கும் வர்க்கப் பூர்த்தி முறைப்படி, முதல் அடைப்புக்குள் 4-ஐயும் அடுத்ததில் 1-ஐயும் கூட்ட வேண்டும். வெளியே நிற்கும் கெழுக்களால் இவை பெருக்கப்படுவதால், வலப்புறத்தில் 16-உம் 9-உம் கூட்டப்பட வேண்டும். இதை மறந்தால் மையம் மாறாது, ஆனால் அச்சுகளின் நீளம் பிழையாகிவிடும். முடிவில் 4(க − 2)² + 9(ச + 1)² = 36 என்ற வடிவம் கிடைக்கிறது. வர்க்கங்கள் இரண்டும் சுழியாகும் (2, −1) என்ற புள்ளியே மையம்.

'கச' என்ற பெருக்கல் உறுப்பும் இருந்தால் நீள்வட்டம் சாய்ந்திருக்கிறது எனலாம். அப்போதும், ஆதிப்புள்ளியை நகர்த்தி, ஒருபடி உறுப்புகளின் கெழுக்களைச் சுழியாக்கினால் கிடைக்கும் இரண்டு ஒருங்கமை சமன்பாடுகளின் தீர்வு மையத்தைத் தந்துவிடும்.

செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று வானியலாளர் கெப்ளர் 1609-இல் வெளியிட்டபோது, சூரியனை மையத்தில் அன்றி, நெட்டச்சின் மேல் மையத்திலிருந்து விலகி அமையும் குவியத்திலேயே வைத்தார். அந்த மையம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.1 கோடி கிலோமீட்டர் தள்ளி, எந்தக் கோளும் இல்லாத வெட்டவெளியில் இருக்கிறது. தொலைநோக்கியில் காண ஏதுமில்லாத அந்த இடத்தைக் கணிதமே சுட்டிக்காட்டுகிறது.