அடையாளத் திருட்டு
அடையாளத் திருட்டு என்பது ஒருவரின் ஆதார் எண், கையொப்பம், கடவுச்சொல் போன்றவற்றை மற்றொருவர் மோசடியாகப் பயன்படுத்துவதாகும். ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதிகளுக்கு வேலை தேடி வருவோர் பணியில் சேரவும், வாடகை வீடு பிடிக்கவும் ஆதார் நகல் தருகின்றனர். அது தவறானவர் கையில் சிக்கினால், உரியவர் அறியாமலேயே அவர் பெயரில் சிம் கார்டு வாங்கப்படலாம். அதைக் கொண்டு நடக்கும் குற்றத்திற்குப் பழி அவர் மீதே விழும்.

எனவே, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கித் தருவது நல்லது. தம் பெயரிலுள்ள செல்பேசி இணைப்புகளை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்த்து, தமக்குத் தொடர்பில்லாதவற்றைப் புகாரளிக்கலாம். பணம் பறிபோனால், தமிழகம், கர்நாடகம் உட்பட நாடெங்கும் செயல்படும் 1930 எண்ணை உடனே அழைக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி இக்குற்றத்திற்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.