வெயில் நாட்டில் உறையும் எஞ்சின்

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த துணியை வைப்பது நம் வீடுகளில் பழகிப்போன கைவைத்தியம். வைத்த மாத்திரத்தில் நெற்றி சில்லென்று ஆகிவிடும். அந்த ஓடிக்கொலோனை நாம் பிறிட்ஜிலிருந்து எடுக்கவில்லை; அலுமாரியிலிருந்துதான் எடுத்தோம். அப்படியானால் குளிர் எங்கிருந்து வந்தது? திரவம் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய சூட்டை அருகில் உள்ள பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நெற்றியின் சூடு அப்படித்தான் குறைகிறது.

இதே சங்கதி, பறந்துகொண்டிருக்கும் ஒரு சிறு விமானத்தின் எஞ்சினை நடுவானில் நிறுத்திவிடவும் கூடும் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

விமானம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது கட்டுநாயக்காவில் ஏறும் பெரிய ஜெட் விமானமாக இருக்கலாம். அவற்றில் காபரேட்டர் கிடையாது. இங்கே நாம் பேசப்போவது இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் அமரக்கூடிய, மூக்கில் காற்றாடி சுழலும் சிறு விமானங்களைப் பற்றி. விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகள் முதன்முதலில் ஏறுவது இவற்றில்தான். இரத்மலானைப் பக்கம் போனவர்கள் இரைச்சலோடு வட்டமிடும் செஸ்னா விமானங்களைக் கண்டிருப்பீர்கள். நம் பிள்ளைகளிலும் சிலர் விமானியாகவோ விமானப் பொறியியலாளராகவோ வர ஆசைப்படுகிறார்கள். அவர்கள் ஏறும் விமானத்தைப் பற்றி வீட்டில் உள்ளவர்களும் சிறிது அறிந்திருப்பது நல்லது.

காபரேட்டர் என்றால் என்ன?

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினில் சரியாக எரியாது. அதை மெல்லிய தூறலாக்கிக் காற்றோடு கலந்து கொடுக்க வேண்டும். நிறையின்படி சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பது கணக்கு. கறிக்கு உப்புப் பார்ப்பது போல, இந்தக் கலவையைப் பார்த்துக் கொடுக்கும் கருவிதான் காபரேட்டர்.

அதற்குள் ஒரு சின்னத் தொட்டி உண்டு. உங்கள் குளியலறைச் சிஸ்டனில் தண்ணீர் நிறைந்ததும் ஒரு பந்து மேலே எழுந்து குழாயை மூடுகிறதல்லவா? அதுபோலவே இங்கும் ஒரு மிதவை எழுந்து பெற்றோல் வரும் வழியை அடைக்கும். பக்கத்தில் காற்று போகும் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக ஓடும். அங்கே அமுக்கம் குறையும். தொட்டியில் உள்ள பெற்றோல் ஒரு நுண்துளை வழியாக உறிஞ்சப்பட்டுத் தூறலாகக் காற்றில் கலக்கும். குழாயில் ஒரு வட்டத் தகடு திரும்பி எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அந்தத் தகட்டைத் திருப்புவதுதான் விமானியின் கையில் உள்ள 'த்ரொட்டில்'. செஸ்னாவில் அது ஒரு கறுப்புக் குமிழ். உள்ளே தள்ளினால் வேகம் கூடும். வெளியே இழுத்தால் குறையும். அருகில் ஒரு சிவப்புக் குமிழும் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து வருவதால் பெற்றோலையும் அதற்கேற்பக் குறைப்பதற்கு அது.

வெயிலிலும் பனிக்கட்டியா?

இப்போது ஓடிக்கொலோனுக்கு வருவோம். பெற்றோல் காபரேட்டருக்குள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஒடுங்கிய இடத்தில் அமுக்கம் குறைவதாலும் காற்று இன்னும் குளிரும். இரண்டும் சேர்ந்து 30 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பத்தைக் குறைத்துவிட முடியும். வெளியே 25 பாகை என்றாலும் காபரேட்டருக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடலாம். காற்றில் உள்ள ஈரம் உட்சுவரிலும் வட்டத் தகட்டிலும் பனிக்கட்டியாகப் படியும். குழாய் அடைபடும். எஞ்சின் மூச்சுத் திணறும்.

இதற்குப் பனி கொட்டும் நாடு வேண்டியதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகத்தின் கைநூல், காற்று 21 பாகைக்குக் கீழும் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலும் இருக்கும்போது இந்த ஆபத்து மிக அதிகம் என்கிறது. ஆனால் 38 பாகை வெயிலிலும், 50 வீத ஈரப்பதனிலும்கூட இது நேரலாம் என்றும் எச்சரிக்கிறது. கொழும்புக் கரையோரத்தின் புழுக்கத்தை நினைத்துப் பாருங்கள். நம் நாடு இதற்கு விலக்கல்ல.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இது இறங்கும் வேளையில் அதிகம் வருவது. அப்போது த்ரொட்டிலைக் குறைத்திருப்பார்கள். தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். சின்ன இடைவெளியில் சிறிது பனிக்கட்டி படிந்தாலே போதும், வழி அடைபட்டுவிடும். விமானம் தரையில் விழுந்த பிறகு எஞ்சினின் சூட்டில் அந்தப் பனிக்கட்டி உருகிவிடும். பிரித்துப் பார்ப்பவர்களுக்கு உடைந்த பாகம் ஒன்றும் அகப்படாது.

இதற்கு மருந்தும் விமானத்திலேயே இருக்கிறது. புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் காபரேட்டருக்குள் திருப்பிவிடும் ஒரு குமிழ் அது. பனிக்கட்டி படிவதன் முதல் அடையாளம், யாரும் தொடாமலே எஞ்சினின் சுழற்சி மெல்லக் குறைவது. உடனே சூட்டுக் குமிழை முழுவதுமாக இழுக்க வேண்டும். இழுத்ததும் நிலைமை இன்னும் மோசமானது போலத் தோன்றும். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் அது குலுங்கும், இருமும். பழகாதவர் பயந்து குமிழைத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடுவார். அங்கேதான் ஆபத்து. சிறிது பொறுத்திருந்தால் எஞ்சின் தெளிந்து சுழற்சி கூடும். மருந்து கசக்கிறது என்று பாதியில் துப்பிவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அதேதான்.

கம்பியும் சின்ன ஊசியும்

விமானியின் கையில் உள்ள குமிழுக்கும் காபரேட்டருக்கும் இடையே இருப்பது ஓர் உறைக்குள் ஓடும் கம்பி. மறுமுனையில் அது ஒரு சிறு கையோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் போல்ட்டின் நட் கழன்றுவிடாதபடி அதன் துளையில் ஒரு 'ஸ்பிளிட் பின்' செருகி, முனைகளை மடித்துவிடுவார்கள். பார்த்தால் கொண்டை ஊசியைப் போலத்தான் இருக்கும். விலை சொற்பம். ஆனால் அது இல்லாமற் போனால் எஞ்சினின் நடுக்கத்தில் நட் கழன்று, போல்ட் விழுந்து, விமானியின் கையில் உள்ள குமிழ் வெறும் குமிழாகிவிடும். தள்ளினாலும் இழுத்தாலும் எஞ்சின் கேளாது.

எனவே கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பவும் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதியது. ஒருமுறை மடித்து நிமிர்த்திய உலோகம் பலமிழந்திருக்கும். பொறியியலாளர் இன்னொன்றையும் பார்ப்பார். குமிழை முழுவதும் தள்ளும்போது காபரேட்டரின் கை தன் எல்லைத் தடையை முதலில் தொட வேண்டும். குமிழ் பலகையில் முட்டுவதற்கு இன்னும் சிறிது இடைவெளி மிஞ்ச வேண்டும். இடைவெளி இல்லையென்றால், விமானி முழு வேகம் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்க, காபரேட்டர் முழுவதும் திறந்திராது. இதைப் பார்க்க ஒருவர் ஆசனத்திலும் மற்றவர் எஞ்சினருகிலும் நிற்பார்கள்.

பிரித்தானிய வழிமுறையில் இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு உண்டு. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் கை வைத்தால், வேலை செய்தவர் பார்த்தது மட்டும் போதாது. இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதலாமவரில் உள்ள அவநம்பிக்கை அல்ல இது. தான் தைத்த சட்டையில் விடுபட்ட தையல் தன் கண்ணுக்குப் படாது என்பது தைக்கும் நம் பெண்களுக்குத் தெரியாததா?

காபரேட்டரைச் சுற்றி நீலக் கறை தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். சிறு விமானங்களில் பெரிதும் பாவிக்கும் 100 எல்.எல். என்ற பெற்றோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பதால், கசிந்து காய்ந்த இடத்தில் நீலம் படிந்திருக்கும். மிதவை ஓட்டையாகி மூழ்கினாலோ, அதன் அடைப்பானில் தூசு சிக்கினாலோ பெற்றோல் வழிந்து தீப்பற்றவும் கூடும். ஒவ்வொரு பறப்புக்கும் முன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது பெற்றோலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கிப் பார்ப்பதும் கட்டாயம். தண்ணீர் இருந்தால் அது அடியில் தனியே நிற்கும்.

ஒரு பெண்ணும் ஒரு பித்தளைத் துண்டும்

இதெல்லாம் ஆண்களின் வேலை என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தில் 1909இல் பிறந்த பியட்ரிஸ் ஷில்லிங்கின் கதையைக் கேளுங்கள். மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்த அவர், 1936இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் ஒரு குறை இருந்தது. மூக்கைத் திடீரெனக் கீழே குத்திப் பாய்ந்தால் காபரேட்டரின் தொட்டியில் பெற்றோல் மேலே எழும்பிவிடும். எஞ்சின் முதலில் பெற்றோலின்றித் திணறும். பிறகு அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் பாய்ந்து மூச்சடைக்கும். காபரேட்டர் இல்லாமல் நேரே பெற்றோல் பீச்சும் எஞ்சின் கொண்ட ஜெர்மன் விமானங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. துரத்தி வரும்போது அவை குத்திப் பாய்ந்து தப்பிவிடும்.

ஷில்லிங் கண்ட வழி மிக எளியது. நடுவில் அளந்து துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு. எஞ்சினுக்கு ஆகக் கூடுதலாக எவ்வளவு பெற்றோல் தேவையோ அதற்கு மேல் அந்தத் துளை விடாது. குறை முற்றாகத் தீரவில்லை. ஆனால் எஞ்சின் மூச்சடைத்து நிற்பது பெரிதும் ஒழிந்தது. விமானத்தைச் சேவையிலிருந்து எடுக்காமலே பொருத்தக்கூடியது என்பது அதன் பெரும் நன்மை. 1941இன் தொடக்கத்தில் அவரும் அவரது குழுவினரும் விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்தினார்கள். எத்தனை விமானிகளின் தாய்மார் அவருக்குக் கடன்பட்டிருப்பார்களோ! அவர் 1990இல் காலமானார்.

உங்கள் பிள்ளை கேட்டால்

மகனோ மகளோ விமானப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டால், கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். அங்கே உள்ள விமானங்கள் எந்த ஆண்டில் செய்தவை என்று கேளுங்கள். பழையது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். 1977 முதல் 1985 வரை செய்யப்பட்ட செஸ்னா 152 விமானங்கள் இன்றும் உலகெங்கும் பயிற்சிக்குப் பறக்கின்றன. வயதைவிடப் பராமரிப்பே முக்கியம். எத்தனை மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை எஞ்சினைச் சோதிக்கிறார்கள், சோதித்தவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதா, கட்டுப்பாட்டுக் கம்பிகளை இரண்டாவது ஆள் பார்க்கிறாரா என்று வாப்பாவோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்கள். புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள். "இறங்கும்போது சூட்டுக் குமிழை ஏன் இழுக்கிறாய், மகள்?" என்று. அவள் மனப்பாடமாக ஒப்புவிக்காமல் காரணத்தோடு விளக்கினால் ஒழுங்காகத்தான் படிக்கிறாள் என்று மனம் ஆறலாம். தடுமாறினால், ஓடிக்கொலோன் போத்தலை எடுத்து இரண்டு துளி அவள் கையில் விட்டு நீங்களே விளக்கிக் கொடுங்கள்.